அரைமணிக்கு ஒரு வரி: ஸ்மார்ட் மீட்டர் எதைக் குறித்து வைக்கிறது, யாரிடம் சொல்கிறது

மீட்டர் பெட்டிக்குள் செருகி வைத்திருக்கும் வெள்ளை அட்டையை எடுத்துப் பாருங்கள். ரீடிங் எடுக்க வருபவர் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எழுதிய எண்கள் இருக்கும். வருடத்துக்கு ஆறு வரி. உங்கள் வீட்டுக் கரண்டைப் பற்றி இ.பி. ஆபீசுக்கு இத்தனை காலமும் தெரிந்தது அவ்வளவுதான். ஸ்மார்ட் மீட்டர் அரைமணிக்கு ஒரு வரி எழுதும். நாளுக்கு 48, அறுபது நாளில் 2,880.

கன்னியாகுமரி மாவட்டத்தில் மார்த்தாண்டம், தக்கலை, திருவட்டாறு சுற்றுவட்டாரத்தில் வயரிங் வேலை செய்கிறவன் நான். போகிற வீடுகளில் இரண்டு கேள்விகள் மாறி மாறி வருகின்றன. "அந்த மீட்டர் வந்தா பில்லு கூடுமாமே?" என்பது ஒன்று. "நாம வீட்டுல என்ன செய்யுதோம்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருமா?" என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கான பதில் பெரும்பாலும் நம் வீட்டு வயரிங்கில்தான் கிடக்கிறது. இரண்டாவதற்கு, ஓரளவு தெரியும் என்பதுதான் நேர்மையான பதில். எந்த அளவு என்று புரிய வேண்டுமானால், மீட்டரில் தொடங்கி அந்தத் தகவல் போகிற வழியிலேயே நாமும் போய்ப் பார்க்க வேண்டும்.

படி 1: உங்கள் சுவரில் இருப்பது எது?

வட்டத் தகடு சுழன்றால் அது பழைய மீட்டர். எண்கள் திரையில் தெரிந்தால் டிஜிட்டல் மீட்டர். டிஜிட்டலாக இருப்பதாலேயே அது ஸ்மார்ட் ஆகிவிடாது. பல வீடுகளில் இந்த இடத்தில்தான் குழப்பம். முகப்பில் அச்சிட்டிருக்கும் தர எண்ணைப் பாருங்கள். ஐ.எஸ். 13779 என்று மட்டும் இருந்தால் சாதாரண டிஜிட்டல் மீட்டர். ஐ.எஸ். 16444 என்று இருந்தால் ஸ்மார்ட். ஸ்மார்ட் மீட்டருக்குள் கூடுதலாக இரண்டு பொருள்கள் இருக்கும். ஒன்று, தகவல் அனுப்பும் பகுதி. மற்றது, தூரத்திலிருந்தே இணைப்பைத் துண்டிக்கவும் கொடுக்கவும் உதவும் உள்சுவிட்ச். கம்பத்தில் ஏறாமலே கரண்டை நிறுத்த முடிவது இந்தச் சுவிட்ச் இருப்பதால்தான்.

கூரையில் சோலார் வைத்தவர்களுக்கு இருவழி மீட்டர் இருக்கும். மின்வாரியத்திடமிருந்து வாங்கியது ஒரு கணக்கு, திருப்பி அனுப்பியது இன்னொரு கணக்கு. சோலார் இன்வெர்ட்டரின் ஆப்பில் தெரிவது மொத்த உற்பத்தி. அதில் பகலில் வீடே தின்றுவிடுவது மீட்டருக்குத் தெரியவே தெரியாது. "பேனல் 300 யூனிட் காட்டுது, மீட்டர் 180தான் காட்டுது, மீதி எங்க போச்சு?" என்று கேட்பவர்களிடம் நான் காட்டுவது அவர்கள் வீட்டு ஃபிரிட்ஜை.

படி 2: சிமிட்டும் விளக்கை எண்ணுங்கள்

மீட்டர் அளப்பது இரண்டே விஷயம்தான்: வோல்டேஜ், கரண்ட். இரண்டையும் நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை தொட்டுப் பார்த்து, பெருக்கி, கூட்டிக்கொண்டே போகிறது. கூட்டல் ஒரு குறிப்பிட்ட அளவை எட்டியதும் முகப்பிலுள்ள சிறு சிவப்பு விளக்கு ஒருமுறை சிமிட்டும். எத்தனை சிமிட்டலுக்கு ஒரு யூனிட் என்பது பக்கத்திலேயே அச்சிட்டிருக்கும். பல மீட்டர்களில் 3200, சிலவற்றில் 1600.

3200 மீட்டருக்குக் கணக்கு எளிது. இரண்டு சிமிட்டலுக்கு நடுவே எத்தனை நொடி என்று பார்த்து, 1125ஐ அந்த எண்ணால் வகுங்கள். வருவதுதான் அந்த நேரத்தில் வீடு இழுக்கும் வாட். 1600 மீட்டர் என்றால் 2250ஐ வகுக்க வேண்டும். ஒரே சிமிட்டலை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். பத்து சிமிட்டலுக்கான நேரத்தைப் போன் ஸ்டாப்வாட்சில் எடுத்துப் பத்தால் வகுத்துக்கொள்ளுங்கள். பத்துக்கு 45 நொடி ஆனால் ஒன்றுக்கு 4.5 நொடி, அதாவது 250 வாட்.

இப்போது மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு 1500 வாட் கெட்டில் ஒன்றை மட்டும் போடுங்கள். 30 நொடியில் 40 சிமிட்டல் வர வேண்டும். அப்படி வராமல் 30 மட்டும் வந்தால் மீட்டர் மெதுவாக ஓடுகிறது என்று சந்தோஷப்படவோ பயப்படவோ வேண்டாம். முதலில் வோல்டேஜைப் பாருங்கள். கெட்டிலில் எழுதியிருக்கும் 1500 என்பது 230 வோல்ட்டுக்கானது. டிரான்ஸ்பார்மரிலிருந்து தள்ளி, லைனின் கடைசியில் இருக்கும் வீடுகளில் சாயங்காலம் 200 வோல்ட்தான் இருக்கும். அப்போது அதே கெட்டில் சுமார் 1130 வாட்தான் இழுக்கும். தண்ணீர் கொதிக்கவும் தாமதமாகும். மீட்டர் சொல்வது சரியாகத்தான் இருக்கும்.

படி 3: எல்லாவற்றையும் அணைத்த பிறகும் சிமிட்டுகிறதா?

இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். "பில் கூடிவிட்டது" என்று வரும் புகாரில் எனக்குக் கிடைக்கும் விடை அதிகமும் இங்கேதான்.

திருவட்டாறு பக்கம் சித்தி வீட்டில் நடந்தது இது. படிப்புரையின் (வீட்டு முன்திண்ணை) மேல் மீட்டர், பின்பக்கம் கிணறு, கிணற்றுக்குள் நீர்மூழ்கி மோட்டார். இடவப்பாதி மழை, அதாவது தென்மேற்குப் பருவமழை, ஆரம்பித்து ஒரு மாதம் இருக்கும். வீட்டில் சித்தி ஒருத்திதான். ஆனாலும் பில் ஏறிக்கொண்டே போனது. "புது மீட்டர் வச்சதுல இருந்துதான் மக்கா" என்றாள். ஃபிரிட்ஜ் உட்பட எல்லாவற்றையும் அணைத்தேன், மெயினை மட்டும் விட்டுவைத்தேன். படிப்புரையில் உட்கார்ந்து எண்ணினேன். ஒன்பது நொடிக்கு ஒருமுறை விளக்கு சிமிட்டியது. 1125ஐ ஒன்பதால் வகுத்தால் 125 வாட். ஒரு நாளைக்கு 3 யூனிட், இரண்டு மாதத்துக்கு 180. யாருமே இல்லாத வீடு தின்னும் கரண்ட் அது.

திரைக்குப் பக்கத்தில் இன்னொரு சின்ன விளக்கும் விடாமல் எரிந்துகொண்டிருந்தது. அதுதான் எர்த் விளக்கு. மீட்டர் இரண்டு வயரையும் பார்க்கும். ஃபேஸ் வழியாக உள்ளே போன கரண்ட் நியூட்ரல் வழியாகத் திரும்பி வர வேண்டும். இரண்டும் பொருந்தவில்லை என்றால் வழியில் எங்கோ மண்ணில் இறங்குகிறது என்று பொருள். அப்போது இரண்டில் எது அதிகமோ அதை வைத்துத்தான் மீட்டர் கணக்கிடும். மின்திருட்டைப் பிடிக்க வைத்த ஏற்பாடு இது. ஆனால் நம் ஊரில் அதில் மாட்டுவது பெரும்பாலும் நனைந்த சுவரும் பழைய கேபிளும்தான்.

சித்தி வீட்டில் மோட்டார் சுவிட்சை யாரோ ஃபேஸில் போடாமல் நியூட்ரலில் போட்டிருந்தார்கள். அதனால் மோட்டாரை அணைத்தாலும் கிணற்றுக்குள் போகும் கேபிளில் கரண்ட் இருந்துகொண்டே இருந்தது. தண்ணீர் மட்டம் ஏறியதும் கேபிளின் ஒட்டு மூழ்கி, கரண்ட் தண்ணீருக்குள் கசிய ஆரம்பித்தது. அரை ஆம்பியருக்கும் மேல். ஆளைக் கொல்ல அதில் பத்தில் ஒரு பங்கே போதும். சித்தி தினமும் வாளியோடு அந்தக் கிணற்றடிக்குப் போய்க்கொண்டிருந்தாள் என்பதை நினைத்தால் இப்போதும் எனக்குக் கை நடுங்கும். சுவிட்சை மாற்றி, ஒட்டை வெட்டிப் புதுக் கேபிள் இறக்கி, மெயினை ஒட்டி, கசிவு கண்டதும் கரண்டைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றும் போட்டேன். எர்த் விளக்கு அணைந்தது.

உங்கள் வீட்டில் செய்ய வேண்டிய வரிசை இது. முதலில் கருவிகளை எல்லாம் அணைத்துவிட்டுப் பாருங்கள். சிமிட்டல் நின்றால் வயரிங் நலம். நிற்கவில்லை என்றால் மெயினை அணையுங்கள். இப்போது நின்றால் கசிவு வீட்டுக்குள்ளேதான். மெயினுக்குப் பிறகுள்ள சர்க்யூட்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம். மெயினை அணைத்தும் சிமிட்டினால், மீட்டருக்கும் மெயினுக்கும் நடுவே ஏதோ இருக்கிறது, இல்லை மீட்டரே பழுது. அதற்குமேல் நீங்கள் கை வைக்க வேண்டாம், புகார் கொடுங்கள். மீட்டர் சீலை மட்டும் எக்காரணம் கொண்டும் தொடாதீர்கள். மீட்டரைக் குலைப்பது 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 135ஆம் பிரிவில் மின்திருட்டாகவே பார்க்கப்படும். ஸ்மார்ட் மீட்டர் மூடியைத் திறந்த நாள், நேரம் எல்லாவற்றையும் தானே எழுதி வைத்துக்கொள்ளும்.

இரண்டு வீட்டுக்கு ஒரே நியூட்ரலை இழுத்திருந்தாலும் எர்த் விளக்கு எரியும். தம்பிக்கு மாடியில் தனி சர்வீஸ் வாங்கிவிட்டு இன்வெர்ட்டர் லைனைக் கீழ்வீட்டிலிருந்தே கொடுக்கும் வழக்கம் நம் பக்கம் நிறைய. அதையும் பிரித்துவிடுங்கள்.

படி 4: மீட்டருக்குள் இருக்கும் நோட்டுகள்

உள்ளே ஐந்து நோட்டு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த நொடியின் நிலை ஒன்றில்: வோல்டேஜ், ஃபேஸ் கரண்ட், நியூட்ரல் கரண்ட், பவர் ஃபேக்டர் (இழுக்கும் கரண்டில் எவ்வளவு வேலைக்கு ஆகிறது என்பது), இதுவரை ஓடிய மொத்த யூனிட். திரையில் மாறி மாறி வருவது இதிலிருந்துதான்.

அரைமணிக் கட்டங்கள் இன்னொன்றில். ஒவ்வொரு கட்டத்திலும் எவ்வளவு யூனிட், சராசரி வோல்டேஜ் எவ்வளவு என்பது இருக்கும். கட்டத்தை 15 நிமிடமாகவும் அமைக்கலாம். ஆரல்வாய்மொழிக் கணவாயில் சுழலும் காற்றாலைகளின் மின்சாரம் போய்ச் சேரும் மின்தொகுப்பில் கணக்கு நடப்பது 15 நிமிடக் கட்டங்களில்தான். பெரிய இடத்தில் பல வருடமாக இருந்த வழக்கம் இப்போது நம் படிப்புரைக்கு வந்திருக்கிறது.

மூன்றாவது, தினமும் நள்ளிரவு 12 மணிக்கு எடுக்கும் ரீடிங். நான்காவது, மாதம் பிறந்ததும் எடுக்கும் பில்லிங் ரீடிங். அந்த மாதத்தில் ஒரே நேரத்தில் அதிகமாக இழுத்த சுமை எவ்வளவு, எந்த நாள், எத்தனை மணிக்கு என்பதும் இதில் உண்டு. ஐந்தாவது சம்பவ நோட்டு. கரண்ட் போனது, வந்தது, வோல்டேஜ் எகிறியது, காந்தம் வைத்தது, மூடி திறந்தது, எர்த் ஆனது எல்லாம் நேரத்தோடு இதில் ஏறும்.

உங்கள் பெயரோ, எந்தக் கருவி ஓடியது என்பதோ இந்த நோட்டுகளில் இல்லை. காலை ஐந்தரை மணிக் கட்டத்தில் அரை யூனிட் என்றுதான் எழுதும். அது மோட்டாரா, வாட்டர் ஹீட்டரா என்று மீட்டருக்குத் தெரியாது. பார்க்கிறவர் ஊகிக்கலாம். அதைப் பிறகு சொல்கிறேன்.

படி 5: தகவல் எப்படிப் போகிறது?

இரண்டு வழி வழக்கத்தில் இருக்கிறது. ஒன்று, மீட்டருக்குள் சிம் வைத்து மொபைல் டவர் வழியாக அனுப்புவது. இன்னொன்று ரேடியோ. உங்கள் மீட்டர் பக்கத்து வீட்டு மீட்டருக்கு, அது அடுத்ததற்கு என்று கைமாற்றிக்கொண்டே போய்க் கம்பத்தில் இருக்கும் பெட்டியில் சேர்க்கும். அங்கிருந்து மொத்தமாகச் சர்வருக்குப் போகும். நம் நாட்டில் இதற்கு உரிமம் தேவையில்லாத 865 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய அலைவரிசை உண்டு. வீடுகள் நெருக்கமாக இருக்கும் நாகர்கோவில் தெருக்களுக்கும் கடற்கரை ஊர்களுக்கும் ரேடியோ வழி பொருந்தும். கடையல், பேச்சிப்பாறை பக்கம் ரப்பர் தோட்டத்துக்கு நடுவே தனியாக நிற்கும் வீட்டுக்குக் கைமாற்றப் பக்கத்தில் இன்னொரு மீட்டர் இருக்காது, டவரும் சரியாக எட்டாது.

சிக்னல் இல்லாவிட்டால் என்ன ஆகும்? பதிவு நிற்காது. எழுதி வைத்துக்கொண்டு, வழி கிடைத்ததும் விட்டுப்போன கட்டங்களை அனுப்பும். "மழையில சிக்னல் போச்சு, அதனால கூட்டிப் போட்டுட்டான்" என்ற பேச்சில் பொருள் இல்லை. மொத்த யூனிட் மீட்டருக்குள் ஏறுவதற்கும் சிக்னலுக்கும் சம்பந்தமே கிடையாது.

கரண்ட் போகும்போது மீட்டர் கடைசி மூச்சாக "எனக்குக் கரண்ட் இல்லை" என்று ஒரு செய்தி அனுப்பும். எனக்கு இந்த மீட்டரில் பிடித்த அம்சமே இதுதான். 2017 நவம்பர் 30இல் ஒக்கி புயல் வந்தபோது மாவட்டம் முழுக்கக் கம்பங்கள் சாய்ந்து நாள்கணக்கில் இருட்டில் கிடந்தோம். எந்தத் தெருவுக்கு வந்தது, எதற்கு வரவில்லை என்பதே ஆள் போய்ச் சொன்னால்தான் ஆபீசுக்குத் தெரியும். அந்த அளவு புயலில் தகவல் வாங்கும் டவரும் சாயும் என்பது வேறு விஷயம். ஆனால் சாதாரண இடி மழையில் தெருவில் ஒரு ஃபியூஸ் போனதை ஆபீஸ் உடனே அறிய இது உதவும்.

மீட்டர் பேசும் மொழிக்கு டி.எல்.எம்.எஸ். என்று பெயர். தகவல் பூட்டித்தான் போகும், 128 பிட் சாவி. யார் கேட்டாலும் எல்லாவற்றையும் கொடுத்துவிடாது. வெறுமனே படிக்க ஒரு சாவி, அமைப்பை மாற்ற இன்னொரு சாவி என்று தனித்தனியாக உண்டு.

படி 6: அங்கே போய் என்ன ஆகிறது?

சர்வரில் முதலில் எல்லா மீட்டரின் தகவலும் குவியும். அடுத்த கட்டத்தில் சரிபார்ப்பு நடக்கும்: விடுபட்ட கட்டம் உண்டா, நம்ப முடியாத எண் உண்டா என்று. விடுபட்டதை மதிப்பிட்டு நிரப்புவதும் உண்டு. அதன் பிறகுதான் பில். ஆகவே பில்லில் இருக்கும் ரீடிங்கும் உங்கள் மீட்டர் திரையில் இருக்கும் மொத்த யூனிட்டும் ஒத்துப்போகிறதா என்று நீங்களே பார்ப்பதுதான் முக்கியம். அரைமணிக் கட்டங்களில் என்ன குழப்பம் வந்தாலும் மொத்த எண் மீட்டரிலேயே இருக்கிறது.

இதில் நமக்கு லாபமும் உண்டு. நம் மாநிலத்தில் கட்டணம் இரண்டு மாதக் கணக்கு. 500 யூனிட்டுக்குள் நின்றால் ஒரு அடுக்கு, தாண்டினால் வேறு அடுக்கு. நாளுக்கு 8 யூனிட் செலவாகும் வீட்டில் 60ஆம் நாள் ரீடிங் எடுத்தால் 480. ஆள் ஐந்து நாள் தாமதமாக வந்தால் 520. அந்த ஐந்து நாளுக்காக அடுக்கே மாறி எத்தனை பேர் புலம்பியிருக்கிறோம்! ஸ்மார்ட் மீட்டர் நள்ளிரவு ரீடிங்கைத் தேதி தவறாமல் வைத்திருப்பதால், 60ஆம் நாள் எவ்வளவு என்று காட்டி வாதாட முடியும்.

நேரத்துக்கு ஒரு விலை என்ற முறைக்கும் அரைமணிக் கட்டம்தான் அடிப்படை. மத்திய அரசு மின் நுகர்வோர் உரிமை விதிகளில் 2023இல் செய்த திருத்தம் அதைச் சொல்கிறது. தமிழ்நாட்டில் வீடுகளுக்கு எப்போது, எப்படி என்பது ஒழுங்குமுறை ஆணையத்தின் கையில்.

படி 7: உங்கள் தகவலை நீங்கள் படியுங்கள்

ஸ்மார்ட் மீட்டரை நாளுக்கு ஒருமுறையாவது தூரத்திலிருந்து படிக்க வேண்டும், தகவலை நுகர்வோரும் பார்க்க வழி செய்ய வேண்டும் என்று அதே 2023 திருத்தம் சொல்கிறது. மீட்டர் தகவலைக் காட்டும் ஆப்பில் வரைபடம் கிடைத்தால் முதலில் இரவு இரண்டு மணிக் கட்டத்தைப் பாருங்கள். எல்லோரும் தூங்கும் நேரத்தில் ஓடுவதுதான் வீட்டின் அடிச்சுமை. ஃபிரிட்ஜ், இரண்டு ஃபேன், ஒரு வைஃபை பெட்டி என்றால் அரைமணிக்குப் பத்தில் ஒரு யூனிட் அளவில் நிற்கும். அதைவிட மிகக் கூடினால் படி 3க்குத் திரும்புங்கள்.

அப்புறம் காலை, மாலை மேடுகள். எந்த மேடு எந்தக் கருவி என்று ஒரு வாரம் பார்த்தாலே பிடிபட்டுவிடும். இதைத் தனியாக ஒரு காகிதத்தில் எழுதி வைத்தால் பிற்பாடு கருவி பழுதாவதைக்கூட முன்னதாகவே கண்டுபிடிக்கலாம். பழைய மோட்டார் அதே தொட்டியை நிறைக்க வழக்கத்தைவிட அதிக நேரம் எடுத்தால் மேட்டின் அகலம் கூடும்.

படி 8: வேறு யார் படிக்கலாம்?

நீங்கள் ஊகிப்பது மாதிரியே மற்றவரும் ஊகிக்கலாம். பத்து நாள் தொடர்ந்து மேடே இல்லாமல் அடிச்சுமை மட்டும் இருந்தால் வீடு பூட்டிக் கிடக்கிறது என்று பொருள். பிள்ளைகள் வளைகுடாவில், பெற்றோர் மகள் வீட்டில், சாவி பக்கத்து வீட்டில் என்று கிடக்கும் வீடுகள் நம் மாவட்டத்தில் எத்தனை! எனக்கு இந்த மீட்டரில் கவலை தருவது பில்லைவிட இதுதான். வாரியம், மீட்டர் வைத்துப் பராமரிக்கும் ஒப்பந்த நிறுவனம் என்று இரண்டு கைகளில் இந்தத் தகவல் இருக்கும். 2023இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இதற்கும் பொருந்தும். நம் கையில் இருப்பது சின்னச் சின்ன ஜாக்கிரதைகள். ஆப்பின் பாஸ்வேர்டை மெக்கானிக் உட்பட யாரிடமும் சொல்லாதீர்கள். துபாயிலிருக்கும் தம்பிதான் பில் கட்டுகிறான் என்றால் அவனுக்கு இணைப்பு எண் போதும். வரைபடத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் குடும்பக் குழுவில் போடும்போது இணைப்பு எண்ணை மறைத்துவிடுங்கள்.

"இன்றிரவு உங்கள் மின் இணைப்பு துண்டிக்கப்படும், இந்த எண்ணை அழைக்கவும்" என்று குறுஞ்செய்தி வந்தால் ஏமாற்று வேலை. தூரத்திலிருந்தே துண்டிக்கும் மீட்டர் என்றதும் இதை நம்புகிறவர்கள் கூடுவார்கள். செய்தியில் இருக்கும் எண்ணை அழைக்காமல், வாரியத்தின் மின்னகம் 94987 94987இல் கேளுங்கள்.

படி 9: மாற்ற வரும் நாளில்

வருபவரின் அடையாள அட்டையைப் பாருங்கள். பழைய மீட்டரின் கடைசி ரீடிங், புதிதின் முதல் ரீடிங், இரண்டின் வரிசை எண், புது சீல் எண் என எல்லாவற்றையும் தெளிவாகப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். டெர்மினல் திருகுகளை நன்றாக முறுக்கச் சொல்லுங்கள். குளச்சல், முட்டம் மாதிரி உப்புக்காற்று அடிக்கும் இடங்களில் தளர்ந்த முனை சீக்கிரம் அரித்துச் சூடாகும். மீட்டர் மாற்றியவர் போன கையோடு படி 2, படி 3 இரண்டையும் செய்துவிடுங்கள்.

புது மீட்டரில் பதிவான அதிகபட்சச் சுமையைக் காட்டி, அது வைப்பதற்கு முந்தைய காலத்துக்கு அபராதம் போடக் கூடாது என்பது 2023 திருத்தத்தில் இருக்கிறது. ரீடிங்கில் சந்தேகம் என்று புகார் கொடுத்தால், ஐந்து நாளுக்குள் பக்கத்தில் இன்னொரு மீட்டர் வைத்துக் குறைந்தது மூன்று மாதம் ஒப்பிட வேண்டும் என்று அதே விதிகளின் 2024 திருத்தம் சொல்கிறது. புகாரை எழுத்தில் கொடுத்துப் பதிவு எண் வாங்குங்கள். பிரிவு அலுவலகத்தில் தீராவிட்டால் நாகர்கோவிலில் மின் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம் இருக்கிறது.

சித்தி இப்போதும் வெள்ளை அட்டையைத் தூக்கிப் போடவில்லை. ஒவ்வொரு மாதமும் முதல் தேதி காலை நாற்காலி போட்டு ஏறி, திரையில் வரும் எண்ணை அதில் பென்சிலால் எழுதி வைக்கிறாள். எர்த் விளக்கு எரியவில்லை என்றால் பக்கத்தில் ஒரு சின்ன வட்டம்.